ஈரல்பாசி

முதலில் எனக்குத் துரோகம் செய்தவன் சென்னியப்பன். என் தங்கை ராமாத்தாளின் புருஷன். அவனுக்குப் பின்னால் வேறு பலரும் செய்திருக்கிறார்கள், யாரையும் நான் மறக்கவில்லை, ஆனால் வரிசையில் முன்னால் நிற்பவன் அவன்தான், அந்த இடத்தை அவனிடமிருந்து எவனும் பிடுங்க முடியாது. இப்போது அவன் என் வீட்டுக்குள் உட்கார்ந்து என் வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டிருக்கிறான். காரமடையிலிருந்து காலை பஸ்ஸில் கோத்தகிரிக்கு ஏறி வந்திருக்கிறான், இந்த மழையில், இந்த வயதில். பஸ் ஸ்டாண்டிலிருந்து மேடேறி வருகிறபோதே அவன் இருமல் கேட்டது. நான் பின்பக்கத்துத் தகரக் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டேன். இடுக்கியைக் கையில் எடுத்துக்கொண்டால் வேலையாக இருக்கிற மாதிரி. வேலை இருக்கத்தான் செய்கிறது. தொட்டி பூராவும் பாசி. சாதாரண வழுக்குப் பாசி என்றால் விரலால் வழித்துப் போட்டுவிடலாம். இது தட்டையாக, தடிப்பாக, பச்சைத் தோலை உரித்து மண்மேல் ஒட்டிவைத்த மாதிரிப் படுத்துக் கிடக்கும். நான் வேலை பார்த்த செடி வளர்க்கிற கண்ணாடி வீட்டில் இதற்கு ஈரல்பாசி என்று பேர். கறிக்கடையில் ஈரல் துண்டு போட்டுப் பரப்பிவைத்திருப்பானே, அந்த வாகு. விளிம்பைப் பிடித்துத் தூக்கினால் அடியில் மயிர் மயிராக வேர், ஒவ்வொன்றும் தொட்டி மண்மேல் பரப்பிய பஞ்சில் ஒரு துணுக்கைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். இழுத்தால் செடியும் கூட வரும். இழுக்கக் கூடாது, பஞ்சோடு சேர்த்துக் கிள்ளி எடுக்க வேண்டும், ஒரு பொட்டு விடக் கூடாது. விட்டால் அந்தப் பொட்டிலிருந்து மறுபடி படரும். அவன் இருமுகிறான். முன்னெல்லாம் சென்னியப்பன் சிரித்தால்தான் நாலு வீட்டுக்குக் கேட்கும். இப்போது இருமல் கேட்கிறது.

இவையெல்லாம் பூச்சி தின்னும் செடிகள். கண்ணாடி வீட்டை மூடியபோது அதன் முதலாளி அம்மா, அங்கமுத்து, இதுகளை வேறு யாருக்கும் வளர்க்கத் தெரியாது, நீயே கொண்டுபோ என்று சொல்லிவிட்டார். வாயைத் திறந்துவைத்துக்கொண்டு இருக்கிறது வாய்ச்செடி, நான் வைத்த பேர்தான், ஈ உள்ளே வந்து ரோமத்தை இரண்டு தடவை தொட்டால் மூடிக்கொள்ளும். ஒரு தடவை தொட்டால் மூடாது. காற்றா, மழையா, நிஜமாகவே வந்தவனா என்று பார்த்துக்கொள்ளும். அந்தப் புத்தி எனக்குப் பிடிக்கும். குடுவைச் செடி மேலே கம்பியில் தொங்குகிறது, அதில் பாசித் தொல்லை அவ்வளவு இல்லை. அழுகண்ணிதான் பாவம். காசு அகலம்கூட இருக்காது, மண்ணோடு மண்ணாகப் படுத்து, முடி முடியாகப் பசைத்துளி வைத்துக்கொண்டு, கொசு வருமா என்று கிடக்கும். அதன்மேல் இந்த ஈரல் ஏறிப் படுத்துக்கொண்டது. வருஷக்கணக்கில் இந்தக் கொட்டகையில் பாசி கிடையாது. அங்கொன்று இங்கொன்று வரும், எடுத்துவிடுவேன். இந்தச் செடிகளுக்கு உரம் ஆகாது, குழாய்த் தண்ணி ஆகாது, மழைத் தண்ணியைப் பிடித்துத் தட்டில் ஊற்றித் தொட்டியை அதில் உட்கார வைக்க வேண்டும், அது அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். மேலே இருந்து ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. இதையெல்லாம் கோகிலாவிடம் சொல்லியிருக்கிறேன். கோகிலா என் மருமகள். ராமாத்தாள் பெற்ற பெண், என் மகன் தினகரனுக்குக் கட்டிவந்தவள். தங்கை மகள் என்றாலும் மருமகள், மகன் பெண்டாட்டி என்றாலும் மருமகள், எனக்கு இரண்டு வழியிலும் அவள் மருமகள். நான் கண் ஆபரேஷனுக்குக் கோயமுத்தூரில் கிடந்த நாட்களில் அவள் தினமும் கொட்டகைக்கு வந்து அரிசி கழுவிய தண்ணீரைத் தொட்டி தொட்டியாக ஊற்றியிருக்கிறாள். மேலே இருந்து. கருவேப்பிலைக்கு ஊற்றுகிற மாதிரி. ஏம்மா என்றேன். "செடி நோஞ்சானாக் கெடந்துச்சு மாமா. எங்கப்பா வீட்டுல ரோஜாவுக்கு அதான் ஊத்துவோம், எப்படிப் பூக்கும் தெரியுமா" என்றாள். எங்கப்பா வீட்டில். எல்லாம் அங்கே இருந்துதான் வருகிறது. பட்டினி கிடந்தே பழகிய செடிக்குக் கஞ்சி ஊற்றினால் அது தின்னாது, பக்கத்தில் இருக்கிற பாசி தின்னும். தின்று கொழுத்துவிட்டது. ஒன்றும் சொல்லவில்லை அவளை. கன்னத்தில் ஒரு கண்ணீர்த்துளி வந்துவிடும் அவளுக்குச் சட்டென்று, ராமாத்தாளுக்கு வருகிற மாதிரியே. ராமாத்தாள் அன்றைக்கும் அப்படித்தான் நின்றாள், கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு.

கோகிலாவுக்குக் காதுகுத்து. கார்த்திகை மாதம். கீழே காரமடைக்குப் பக்கத்தில் அவர்கள் குலதெய்வக் கோயிலில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும், நான்தான் தாய்மாமன், ராமாத்தாளுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான், வேறு மடி கிடையாது. பட்டுப்பாவாடை எடுத்தேன், மயில்கழுத்து நிறம், ஜரிகை இரண்டு விரல் அகலம். தோடு செய்தேன். தேங்காய், பழம், மாலை, எல்லாம் தட்டுகளில் அடுக்கிச் சிவப்புத் துணியில் மூட்டை கட்டினேன். முந்தின நாள் போயிருக்கலாம். கண்ணாடி வீட்டில் லீவு தரவில்லை, அதுவும் ஒரு கணக்கு, அதைப் பிறகு பார்ப்போம். விடிவதற்கு முன்னால் முதல் பஸ் பிடித்தேன். பாதி மலை இறங்கியதும் மண் சரிந்து ரோடு அடைத்துவிட்டது. பஸ் நின்றது. எல்லாரும் இறங்கி பீடி குடித்தார்கள். நான் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் ஏறி அந்தப் பக்கம் இறங்கி நடந்தேன். செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு நடக்க முடியாது, அதையும் கழற்றி எறிந்தேன். வளைவு வளைவாக, மழை நின்று வெயில் வந்து, மறுபடி மழை வந்து, குரங்குகள் பழத்துக்காகப் பின்னாலேயே வந்தன, கல்லை எடுத்து வீசிக்கொண்டே நடந்தேன். கீழே ஒரு செங்கல் லாரிக்காரன் ஏற்றிக்கொண்டான். கோயில் வாசலில் இறங்கியபோது நல்ல நேரம் இன்னும் இருந்தது. இதுதான். இதைத்தான் நான் எத்தனை தடவை யாரிடம் சொன்னாலும் நேரம் போயிருக்கும் அங்கமுத்து, அவங்கதான் என்ன பண்ணுவாங்க என்கிறார்கள். நேரம் போகவில்லை. பூசாரியையே கேட்டேன். இன்னும் இருக்குங்க, நல்லாவே இருக்குங்க என்றான். நேரம் இருந்தது, ரைஸ்மில் நாச்சிமுத்துவுக்குத்தான் நேரம் இல்லை. அவன் சென்னியப்பனுக்கு வேலை கொடுத்தவன். சீக்கிரம் போக வேண்டும் என்றானாம். அவன் மடியிலேயே உட்காரவைத்துக் குத்திவிட்டார்கள். நான் போய் நிற்கிறேன், காலில் செருப்பில்லை, முழங்கால்வரை சேறு, தலையில் மூட்டை. பிள்ளை நாச்சிமுத்து வாங்கிக்கொடுத்த ரோஸ் கலர் கவுன் போட்டுக்கொண்டு காதில் சந்தனத்தோடு அழுதுகொண்டிருக்கிறது. சென்னியப்பன் என்னைப் பார்த்தான். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. சிரித்தான். "அதான் வந்துட்டீங்களே மச்சான். வாங்க, சாப்பிடுங்க" என்றான். அவ்வளவுதான். அவ்வளவுதான் அவன் சொன்னது. கொஞ்சம் பொறுத்திருக்கணும் மச்சான் என்று ஒரு வார்த்தை. தப்பு நடந்துபோச்சு, என்னால ஆச்சு என்று ஒரு வார்த்தை. அந்த வாயிலிருந்து அது வரவில்லை. ராமாத்தாள் ஓடிவந்து மூட்டையை இறக்கினாள், சாப்பிடாமப் போயிராதண்ணா என்றாள், நான் போய்விட்டேன். பாவாடையை அவள் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள், பிள்ளை ஒரு நாளும் உடுத்தவில்லை, வளர்ந்துவிட்டது. ராமாத்தாளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இந்தக் கிண்ணத்தைப் பார். பாசியின் மேலேயே வட்ட வட்டமாகச் சின்னக் கிண்ணங்கள் வைத்திருக்கிறது, யாரோ அச்சில் வார்த்த மாதிரி, உள்ளே கடுகில் பாதி இருக்குமா, பச்சை வில்லைகள். ஒரு சொட்டு மழை நேராக அதில் விழுந்தால் போதும், வில்லைகள் தெறித்து அடுத்த தொட்டிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும், அங்கே வேர்விடும். அதனால்தான் ஊற்றக் கூடாது என்பது. ஊற்றினவள் அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். ஆபரேஷன் பண்ணிய கண்ணில் இந்த வில்லைகள் நன்றாகத் தெரிகின்றன, மற்றக் கண்ணில் பச்சை மூட்டமாக இருக்கிறது. கோகிலாவின் இடது காது எனக்கு இரண்டு கண்ணிலும் தெரியும். துளை கோணல். முன்பின் தெரியாத மடி, பிள்ளை திமிறியிருக்கிறது, ஆசாரி ஊசியை இறக்குகிறபோது தலையைத் திருப்பிவிட்டது, குத்து கீழே இறங்கிப்போய்விட்டது. என் மடியில் என்றால் திமிறியிருக்காது. என்னைக் கண்டால் அது கையை நீட்டித் தாவும் பிள்ளை. வலது தோடு நேராக உட்காரும், இடது தோடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருக்கும். தினமும் அவள் குனிந்து எனக்குச் சோறு போடுகிறபோது அந்தக் காது என் முகத்துக்கு நேரே வருகிறது. குழம்பு ஊற்றவா மாமா என்பாள். நான் காதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளைக் கட்டுவேன் என்று தினகரன் வந்து நின்றபோது நான் என்ன சொல்ல முடியும். அத்தை மகள். கேட்கிற உரிமை உண்டு. கல்யாணத்தில் பெண்ணுக்குத் தாய்மாமனும் நான், மாப்பிள்ளைக்குத் தகப்பனும் நான். சம்பந்தி மாலை ஒன்று போட்டான் சென்னியப்பன். பக்கத்தில் தட்டில் இன்னொரு மாலை இருந்தது, தாய்மாமனுக்கு உள்ளது, என் கண்ணால் பார்த்தேன். பூசாரி எடுக்கப் போனான். சென்னியப்பன் கையை நீட்டித் தடுத்து, "ரெண்டும் ஒரே கழுத்துதானுங்களே, ஒண்ணு போதும்" என்றான். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த இன்னொரு மாலையை யாரோ ஒரு வாழைமரத்துக்குப் போட்டார்கள். போட்டோவில் இருக்கிறது, தினகரனுக்குப் பின்னால் மாலை போட்ட வாழைமரம்.

இப்போது முறை என் வீட்டுக்கு வந்திருக்கிறது. தினகரனின் பெண்ணுக்கு, என் பேத்திக்கு, காதுகுத்த வேண்டும். தன்விகா என்று பேர் வைத்திருக்கிறார்கள், என் வாயில் நுழையவில்லை, குட்டி என்று கூப்பிடுகிறேன். அவளுக்குத் தாய்மாமன் யார். கோகிலாவின் தம்பி நவநீதன், சென்னியப்பன் மகன். மஸ்கட்டில் வேலை. அவன் மடியில்தான் உட்கார வேண்டும். ஆனால் விசேஷம் என் வீட்டு விசேஷம், நாள் குறிப்பது நான், யார் மடி என்று வாய்திறந்து சொல்ல வேண்டியதும் நான். இதற்காகத்தான் சென்னியப்பன் வந்திருக்கிறான், சம்பந்தி வாயால் முறைப்படி கேட்டு, தேதி வாங்கிக்கொண்டு போக. குட்டி பிறந்த அன்றைக்கே எனக்கு இது தோன்றிவிட்டது. ஆஸ்பத்திரியில் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள், முகத்தைப் பார்த்தேன், அப்புறம் காதைப் பார்த்தேன். துளையில்லாத காது, நாவல்பழத் தோல் மாதிரி மெல்லிசு. நாச்சிமுத்து மாதிரி ஒருத்தனை எனக்கும் தெரியும், ஊட்டியில் காய்கறி மண்டி வைத்திருக்கிறான். நல்ல நேரம் இருக்கிறபோதே அவன் மடியில் வைத்துக் குத்திவிட வேண்டும். நவநீதன் தட்டு தூக்கிக்கொண்டு வந்து நிற்க வேண்டும், அவன் பின்னால் அவன் அப்பன் நிற்க வேண்டும். அப்போது நான் வெள்ளை வேட்டியோடு திரும்பிப் பார்த்துச் சிரித்து, அதான் வந்துட்டீங்களே மாப்பிள்ளை, வாங்க, சாப்பிடுங்க. இந்த வாக்கியத்தை இங்கே உட்கார்ந்து எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாய்ச்செடிகள் கேட்டிருக்கின்றன. சிரிப்பு எங்கே வர வேண்டும் என்றுகூடத் தெரியும், மாப்பிள்ளைக்கு முன்னால். நவநீதன் ஒரு பாவமும் செய்யவில்லை. அதுவும் தெரியும். எனக்கும்தான் அன்றைக்கு ஒரு பாவமும் இல்லை. இருமல். சளி இல்லாத வறட்டு இருமல், இழுத்து இழுத்து. ஒரு வேளை அதற்குள் இவன் செத்துவிட்டால். இது புதுப் பயம், இன்றைக்கு மேடேறி வருகிறபோது அவன் நின்று நின்று மூச்சு வாங்கியதைப் பார்த்த பிறகு வந்தது. குடையை ஊன்றிக்கொண்டு நின்றான். கழுத்து நரம்பு தெரிகிறது. இவன் போய்விட்டால் அந்த ஒரு வார்த்தையை நான் யாரிடம் கேட்பது. செத்தவனைச் சுற்றி நின்று நல்ல மனுசன் என்பார்கள், நானும் நிற்க வேண்டும், சம்பந்தி அல்லவா, தேங்காய் உடைக்கிற இடத்தில் முன்னால் நிற்க வேண்டும்.

"மாமா." கோகிலா கொட்டகை வாசலில், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு. "அப்பா வந்து எவ்வளவு நேரம் ஆச்சு." "தெரியும்." "தெரிஞ்சும் இங்க உக்காந்திருந்தா எப்படி மாமா. ரெண்டு காப்பி குடிச்சிட்டாரு. குட்டியோட தாயம் ஆடிட்டு இருக்காரு." "ஆடட்டும்." "நான் பண்ணின பாசியா இது?" என்று குனிந்தாள். தோடு தொங்கியது. "நானும் எடுக்கிறேன் மாமா, குடுங்க அந்த முள்ளுவாங்கிய." "நீ ஒண்ணும் எடுக்க வேண்டாம் ஆத்தா. நீ அடுப்பப் பாரு." "அரிசி கழுவின தண்ணிய இப்ப நான் சாக்கடைலதான் ஊத்தறேன். சத்தியமா." சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் போகவும் இல்லை, வாசல் கம்பத்தின் துருவை நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றாள். "அப்பாவுக்கு உடம்பு செரியில்ல மாமா. அதிகமாப் பேச விடாதீங்க." பேச விடாதீங்க. பேசாமலே இருந்தவனை.

குடை முதலில் வந்தது. அப்புறம் அவன். கொட்டகைக்குள் குனிந்து நுழைகிறபோது குடையை மடக்கினான், மடக்கி உதறினான். என் தொட்டிகளுக்கு நேராக. நான் வாய் திறப்பதற்குள் உதறிவிட்டான். துளிகள் பறந்து போய்க் கிண்ணங்களில் விழுந்ததை நான் பார்த்தேன், அவன் பார்க்கவில்லை. "வாங்க மாப்பிள்ளை" என்றேன். எழுந்து ஸ்டூலைத் தள்ளிப் போட்டேன். வாய் அதுவாக மரியாதை பேசுகிறது, வருஷக்கணக்கில் பழகிய வாய். "இருக்கட்டும் மச்சான், உக்காருங்க. வேலைய விடாதீங்க." உட்கார்ந்தான், முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. வாய்ச்செடியைப் பார்த்தான். "இதுதான் ஈயத் திங்கறதா? எங்க ஊட்டுல விட்டீங்கன்னா தின்னே செத்துப்போயிரும், அவ்வளவு ஈ."  அவன் விரலை நீட்டி அதன் வாயின் உள்ளே தொட்டான். ஒரு தடவை. அது மூடவில்லை. "சீக்காளி போலிருக்குது" என்றான். "இன்னொருக்கா தொட்டாத்தான் மூடும்." "அப்படியா" என்று கையை எடுத்துக்கொண்டான், தொடவில்லை. அவன் எதையும் இரண்டாம் தடவை செய்து பார்க்கிறவன் இல்லை. மழை தகரத்தில் பெரிதாயிற்று, குறைந்தது. அவன் பாசியின் ஒரு துண்டைக் கிள்ளினான், நடுவில் கிள்ளினான், பாதி கையோடு வந்தது, பாதி அங்கேயே இருந்தது. "நவநீதனுக்கு லீவு இல்லையாம் மச்சான்" என்றான்.

என் கையில் இடுக்கி நின்றுவிட்டது. "கேட்டுப் பாத்துட்டான். வேலையில புதுசா ஒருத்தன் மேல வந்து உக்காந்திருக்கிறானாம், இவன் வந்தா திரும்பக் கூப்பிட மாட்டானாம். அடுத்த வருசந்தான்கிறான். போன்ல பாத்துக்கறேன்கிறான். போனைக் குட்டி பக்கத்துல புடிச்சுக்கிட்டா அவன் அங்கிருந்து பாத்துக்குவானாம். தாய்மாமன் போனுக்குள்ள!" அவனே சிரித்து, இருமி, துண்டால் வாயைத் துடைத்தான். "அது நல்லாருக்காது. நானும் கோகிலாவும் பேசினோம். நீங்களே மடில வெச்சுக்குங்க மச்சான். தாத்தா மடி, தப்பில்ல. அன்னிக்கு என்னமோ அப்படி ஆகிப்போச்சு. இதுல அதுவும் செரியாப் போயிரும்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். முகத்தில் ஒரு வெளிச்சம், தட்டில் எதையோ வைத்து நீட்டியவன் முகம். ஆகிப்போச்சு. மண் சரிந்த மாதிரி, மழை பெய்த மாதிரி, யாரும் செய்யாமல் அதுவாக. அத்தனை வருஷத்தில் அதைப்பற்றி அவன் வாயைத் திறந்தது இதுதான் முதல் தடவை, திறந்ததும் அதை மழை தலையில் போட்டுவிட்டான். என் மடி கனத்தது. வெறும் மடிதான், வேட்டியில் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. குட்டியை வைத்துப் பார்த்தது மனசு, கேட்காமலே. அவள் வருவாள், திமிற மாட்டாள், என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருப்பாள், ஆசாரி ஊசியை எடுப்பான், நான் தாடையைப் பிடித்துக்கொள்வேன், இரண்டு காதும் நேராக இருக்கும். எவ்வளவு ஆசை எனக்கு. இருக்கிறது, இல்லை என்று யாரிடம் சொல்ல. ஆனால் அது யார் மடி. மஸ்கட்டில் ஒருத்தன் மடி. அதில் நான் உட்காரவைத்துக்கொண்டால் நான் யார், நாச்சிமுத்து. நல்ல சட்டை போட்டுக்கொண்டு, சீக்கிரம் போக வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்க்கிற நாச்சிமுத்து. போனுக்குள் இருந்து ஒருத்தன் பார்த்துக்கொண்டிருப்பான், செருப்பில்லாமல். என்னைப் பழிவாங்கவும் விடவில்லை இவன். தட்டோடு வந்து நிற்க வேண்டியவனைக் கடல்தாண்டி நிறுத்திவிட்டான், என் வாக்கியத்தைச் சொல்ல ஆள் இல்லாமல் செய்துவிட்டான். பதிலுக்கு வேறொருத்தன் இடத்தை எடுத்து என் கையில் கொடுத்து, சரியாய்ப்போயிற்று என்கிறான். அவனுக்கு எப்போதும் அடுத்தவன் இடம்தான் கையில் இருக்கும், கொடுப்பதற்கு. நான் வாங்கிக்கொண்டால் தீர்ந்தது. பஸ் ஏறிக் கீழே போய், மச்சானுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லீங்க, அதெல்லாம் தீந்துபோச்சு என்பான். அப்படியே செத்தும் போவான். நிம்மதியாக.

"நவநீதன் வரட்டும்" என்றேன். "என்னங் மச்சான்?" "அவன் வரட்டும். அடுத்த வருசமோ அதுக்கு அடுத்ததோ. அவன் மடிலதான் குத்தணும். அதுவரைக்கும் காது சும்மா கெடக்கட்டும்." "குட்டிக்கு வயசு ஏறுதுங்களே. இப்பவே எலியாட்டம் ஓடற புள்ள, பெருசானா புடிச்சு வெக்க முடியுமா?" "தாய்மாமன் மடின்னா புள்ள ஓடாது."  அவன் தலையைக் குனிந்துகொண்டான். இப்போது சொல்வான் என்று நினைத்தேன். நிஜமாக நினைத்தேன். இவ்வளவு பக்கத்தில், முட்டியோடு முட்டி இடிக்கிற தூரத்தில், இரண்டு கிழவர்கள், மழைச் சத்தம், கேட்க வேறு யாரும் இல்லை, ஒரு வார்த்தை என்ன கனமா. அவன் நிமிர்ந்தான். கண் ஈரமாக இருந்தது, இருமலாலும் இருக்கும். "பெரிய மனசு மச்சான் உங்களுக்கு" என்றான். "என்ர பையன் உரிமைய நீங்க எடுத்துக்க மாட்டேங்கறீங்க பாருங்க. வேற யாருக்கு வரும்." வாசலில் விசும்பல் கேட்டது. கோகிலா. எப்போது வந்தாளோ. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் சொன்னேன்ல அப்பா, மாமா ஒத்துக்க மாட்டாருன்னு. தம்பிக்கு இப்பவே போன் பண்றேன்" என்று ஓடினாள். ஈரத் தரையில் வழுக்கப் பார்த்தாள், பிடித்துக்கொண்டாள். பெரிய மனசு. என் மனசை இவர்கள் பார்த்துவிட்டார்களாம். எனக்கு ஒரு பெரிய மனசும் இல்லை, நான் யாரையும் விட்டுக்கொடுக்கவும் இல்லை, எனக்கு வர வேண்டியதை இவன் வேறொரு வழியில் அடைத்துவிடக் கூடாது என்று நிற்கிறேன். இதைச் சொல்ல வேண்டும் என்று வாய் வந்தது. சொன்னால் அவள் காதில் விழும். குட்டி காதில் விழும்.

சென்னியப்பன் எழுந்தான். எழுவதற்கு என் தோளைப் பிடித்துக்கொண்டான். எலும்பு மட்டும்தான் இருக்கிறது அந்தக் கையில். நான் அவன் முழங்கையைத் தாங்கினேன், தாங்காமல் என்ன செய்வது, விழுந்தால் என் தொட்டிகள் மேல்தான் விழுவான். குடையை விரித்து வாசலுக்கு வெளியே நின்று திரும்பினான். நனைந்த துண்டு, தோளில். சிரித்தான், பல் பாதி இல்லை, ஆனால் சிரிப்பு அதேதான், ஒரு இழை மாறவில்லை. "அதான் பேசி முடிச்சாச்சே மச்சான்" என்றான். "வாங்க, சாப்பிடலாம்." போய்விட்டான். அவனுக்கு ஞாபகம்கூட இல்லை. நான் இத்தனை காலம் வாயில் அடக்கிவைத்திருந்த வாக்கியத்தை, என் வீட்டு வாசலில் நின்று, என் வீட்டுச் சாப்பாட்டுக்கு என்னைக் கூப்பிட, இரண்டாம் தடவையாக அவனே எடுத்துச் சொல்லிவிட்டுப் போகிறான். உள்ளே கோகிலா போனில் கத்திக்கொண்டிருக்கிறாள், தம்பி, மாமா சொல்லிட்டாருடா, உனக்காகக் காத்திருப்பாங்களாம்டா. குட்டி ஏதோ கேட்கிறது, சென்னியப்பன் இருமிக்கொண்டே பதில் சொல்கிறான். நவநீதனுக்கு அவன் மடி கிடைத்துவிட்டது. கோகிலாவுக்கு, என் மடிக்கு என்றிருந்த பெண்ணுக்கு, காதுத் துளை தோட்டின் கனத்தில் இன்னும் கீழே இழுபட்டுக்கொண்டு போகிறது. மாமா, இலை போட்டாச்சு என்கிறாள் அவள். வரேன் போ என்கிறேன். காலையிலிருந்து சுத்தம் பண்ணி ஓரமாக வைத்த முதல் தொட்டியை வெளிச்சத்துக்கு எடுத்துப் பார்த்தேன். புதுப் பஞ்சு, வெள்ளையாக, நடுவில் அழுகண்ணி இப்போதுதான் மூச்சு விடுகிறது. அதன் பக்கத்தில் ஒரு பச்சை வில்லை. குடையை உதறினபோது வந்தது. இன்னும் ஒன்று. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவன் இருமட்டும், சாப்பிடட்டும், இலையை வழித்துச் சாப்பிட்டு நல்லா இருக்கட்டும். எனக்கு அவன் நாளைக்கும் வேண்டும்.